காது பிட்டரும் பின்னம் போட்ட தட்டும்

கோயமுத்தூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், வாழ்நாளில் ஒரு தப்புகூடச் செய்யாத மனிதர் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் மில்லில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். அவரே சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவார், பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டும் வரைக்கும் சொல்லுவார்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த காலம் அது. ஐம்பதுகளின் கடைசியும் அறுபதுகளின் தொடக்கமும். அவரை முகத்துக்கு நேரே எல்லோரும் பிட்டரய்யா என்போம். முதுகுக்குப் பின்னால் 'காது'. நூல் நூற்கும் ஐந்நூறு கதிர்கள் ஒன்றாகச் சுற்றி இரைந்துகொண்டிருக்கும் கூடத்தில் நுழைவார், தலையை இடது பக்கம் லேசாகச் சாய்ப்பார், மூன்றாவது வரிசையில் ஏழாவது கதிர் கொஞ்சம் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது என்பார். போய்ப் பார்த்தால் அது அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மேஸ்திரிகளுக்கு அவரைக் கண்டால் பயம். கதிருக்கே பயம் என்று சொல்பவர்களும் உண்டு.

இப்பேர்ப்பட்ட காதுக்குள் ஜாஸ் என்கிற அமெரிக்க இசை எப்படிப் போயிற்று என்பது தனிக் கதை. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் முகாமைக் காலி செய்துவிட்டுப் போனபோது, அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்கள் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் வந்து குவிந்தன. ஸ்பானர் வைத்துக்கொள்ள ஒரு நல்ல மரப்பெட்டி வேண்டுமென்று பிட்டர் போயிருக்கிறார். பெட்டி கிடைத்தது. உள்ளே நாற்பது கிராமபோன் தட்டுகள் இருந்தன. தட்டுகளை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசினாராம். கடைக்காரர் மசியவில்லை. வேண்டா வெறுப்பாக வீட்டுக்குக் கொண்டுவந்து, ரிப்பேருக்கு வந்திருந்த யாருடைய கிராமபோனிலோ ஒன்றை ஓடவிட்டார். அன்றைக்கு ஸ்பானர்கள் தரையிலேயே கிடந்தன. அதற்குப் பிறகும் தரையிலேதான் கிடந்தன, பெட்டி தட்டுகளுக்கே ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில் லைனில் இருந்த அவர் வீட்டில் கூடுவோம். நான், கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருந்த பாய், போத்தனூரிலிருந்து ரயில்வே டிரைவர் துரை, அப்புறம் பிட்டர். துரை ஆங்கிலோ இந்தியர். கூட்ஸ் வண்டி ஓட்டிக் கறுத்துப்போன கைகள், எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பிட்டரின் மனைவியை நாங்கள் பிட்டரம்மா என்போம். கச்சாயமும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எல்லாம் ஒரே சத்தமாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். அது அவருடைய நிலையான விமரிசனம்.

தட்டுகளின் மேலிருந்த பெயர்கள் பாதி அழிந்திருந்தன. மீதியை எங்களால் சரியாக உச்சரிக்க முடியவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். டிரம்பெட்டின் வாயைப் பொத்தி ஊதியது 'வாத்து'. முப்பது பேர் சேர்ந்து முழங்கியது 'பெரிய கல்யாணம்'. பிட்டருக்கு உயிர் 'வாத்து'. எனக்குக் கிளாரினெட் அழுதுகொண்டே சிரிக்கும் ஒரு தட்டு. பாய்க்கு 'மழை'. அதில் வாத்தியங்களுக்குப் பின்னால் சன்னமாகத் தூறல் விழுந்துகொண்டே இருக்கும், அந்தத் தூறலில்தான் அவர் சொக்கிப்போவார். ஒருமுறை துரை அதே பாட்டின் புதுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் தூறல் இல்லை. பழைய தட்டின் கீறல்தான் இத்தனை நாளும் மழையாகப் பெய்திருக்கிறது. பாய் புதுத் தட்டைக் கேட்டுவிட்டு, ஊதுகிறவர்கள் மேல் தப்பில்லை, ஆனால் வெயிலில் நின்று ஊதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். மறுவாரம் மழையையே போடச் சொன்னார்.

சண்டை பிட்டருக்கும் துரைக்கும் நடுவில்தான். பழசா புதுசா என்பதே எப்போதும் விஷயம். ஜாஸ் என்றால் மூன்று நிமிஷம், அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட வேண்டும் என்பது பிட்டரின் கட்சி. இசை வளர வேண்டும், நாலைந்து பேர் உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொள்வது போல வாசிப்பதுதான் இப்போது வந்திருக்கிற புதுப்போக்கு, அதைக் கேட்காமல் பேசக்கூடாது என்பது துரையின் கட்சி. பாய் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். வியாபாரி அல்லவா, யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

அந்த நாலைந்து பேர் வாசிக்கும் தட்டைக் கேட்கப் பழைய கிராமபோன் உதவாது, புது மெஷின் வேண்டும். பிட்டர் கடையில் வாங்குகிற ஜாதி இல்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து அவரே செய்தார். பழைய மின்விசிறி மோட்டார், பட்டறையில் வார்த்த இரும்புத் தட்டு, கதிரைச் சுழற்றும் நாடாவையே பெல்ட்டாகப் போட்டது, மெட்ராஸிலிருந்து தருவித்த முள். சத்தம் ரேடியோ வழியாக வரும். வேகத்துக்குத் தகுந்தபடி பெல்ட்டை மாற்றிப்போட இரண்டு பித்தளைப் புல்லிகள் கடைந்து வைத்தார். பழைய தட்டுக்கு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. புதுவகைத் தட்டுக்கு நாற்பத்தைந்து. ஏனென்றால் துரை முதன்முதலில் காட்டிய புதுவகைத் தட்டு ஒரு சின்னத் தட்டு, அதில் நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது.

பிறகு ஒருநாள் துரை பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கல்யாணமாகி ஆஸ்திரேலியா போன மகள் பார்சலில் அனுப்பியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். பிட்டர் வாங்கி லேபிளைப் பார்த்தார். அதில் முப்பத்துமூன்று என்று எழுதி, பக்கத்தில் மூன்றில் ஒன்று என்று ஒரு பின்னமும் போட்டிருந்தது.

"இதென்னுங்க பின்னம்?" என்றார்.

துரை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிட்டரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வேகத்துல எவனாச்சும் பின்னம் வெப்பானுங்களா? இது தட்டோட நெம்பருங்க."

பதினைந்து வருஷம் மெஷினோடு குடித்தனம் நடத்திய மனிதர். அவர் கணக்கில் வேகம் என்றால் முழு எண். பெல்ட்டை நாற்பத்தைந்தில் போட்டு முள்ளை வைத்தார். இரண்டு மாத உழைப்பு சுற்ற ஆரம்பித்ததும் அவர் முகத்தில் வந்த பெருமையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். துரையும் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு காபியை எடுத்துக் குடித்தார்.

தட்டோ தலைதெறிக்க ஓடியது. சாக்சபோன் மூச்சு வாங்கியது. பியானோவை யாரோ துரத்தினார்கள். அடியில் முழங்க வேண்டிய பெரிய வாத்தியம் கொசுவைப் போல ரீங்காரம் போட்டது. பாய் மட்டும் இது நாதஸ்வரம் போல மங்களகரமாக இருக்கிறது என்றார்.

"பஸ்ஸு போயிருமேன்னு ஓடிக்கிட்டே ஊதறானுங்களாட்ட இருக்குதுங்க" என்றார் பிட்டர். "இதானுங்களா உங்க நிதானம்?"

"நீ கேட்டுக்கிட்டே இரு மேன். ரொம்ப அமைதியான மியூசிக்" என்றார் துரை.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், வாரம் தவறாமல் இதே கூத்து. துரை தன் முறை வரும்போது அதே தட்டைத்தான் எடுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அமைதி, அமைதி என்பார். தட்டு ஓட்டமாய் ஓடும். துரைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நான் நினைத்தேன். போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் தட்டுகளை ஓடவிடும் பெரிய ரேடியோகிராம் இருக்கிறது, அங்கே ஒரு நாள் வந்து கேட்டால் என்ன என்று பிட்டரை அவர் பலமுறை கூப்பிட்டார். பூட்ஸ் போடாதவர்களை அங்கே உள்ளே விடமாட்டார்கள். பிட்டர் ஜென்மத்தில் பூட்ஸ் போட்டதில்லை. காதுக்குப் பாட்டுக் கேட்கக் காலுக்கு என்ன வேஷம் என்பது அவர் கேள்வி. 

அப்படிப் போய்க்கொண்டிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முறிந்தது. மில்லில் ஏதோ பிரச்சினை, பிட்டர் காலையிலிருந்தே கடுகடுவென்று இருந்தார். துரை வழக்கம்போல அமைதி என்று ஆரம்பித்தார். பிட்டர் முள்ளைத் தூக்கிவிட்டு, "உங்க காது இஞ்சின்லயே வெந்துபோச்சுங்க துரை. இனி உங்களுக்குப் பாட்டு எதுக்குங்க?" என்றார்.

 துரை தட்டை உறைக்குள் போட்டார், பிட்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டார், போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிட்டர் எதிராளி இல்லாமல் தன் கட்சியை எங்களிடம் பேசிப் பார்த்தார். நான் ஒத்துக்கொண்டேன், பாய் இரண்டு மடங்கு ஒத்துக்கொண்டார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. 'வாத்து' தட்டைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் காற்றுக்காக என்பார்.

நாலு மாதம் கழித்துத் துரை டைம் ஆபீஸுக்கு வந்தார். ஓய்வு பெற்றாயிற்று, மகளிடமே போகிறோம், புதன்கிழமை காலை ரயில், ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிடியூட்டில் வழியனுப்பு விருந்து என்று சொல்லி இரண்டு அழைப்பு அட்டைகளைக் கொடுத்தார். ஒன்று எனக்கு, ஒன்று பிட்டருக்கு. நான் உள்ளே ஓடிப் போய்ச் சொன்னேன். பிட்டர் ஒரு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார். கை வேலையாக இருக்கிறது என்று அடியிலிருந்தே சொன்னார். அந்த மெஷின் அன்றைக்குப் பழுதாகவே இல்லை.

விருந்துக்கு நான் மட்டும் இரவல் பூட்ஸில் போனேன். சாப்பாடு முடிந்ததும் துரை எழுந்து போய் ரேடியோகிராமில் தன் தட்டை வைத்தார். இசை ஆரம்பித்தது. எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சாக்சபோன் பெருமூச்சு விடுவதுபோல ஒரு வரி சொன்னது, யோசித்தது, அடுத்த வரி சொன்னது. பியானோ பதில் சொல்லலாமா வேண்டாமா என்று காத்திருந்தது. அடியில் பெரிய வாத்தியம் வீட்டுப் பெரியவர் நடை போல மெல்ல வந்தது. பாதித் தட்டு ஓடின பிறகுதான், அட, இது நம்ம பஸ் பிடிக்கிற தட்டு என்று எனக்கு உறைத்தது. துரை மனைவியோடு கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து நேரே பிட்டர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். இன்ஸ்டிடியூட் மெஷினுக்கு எண்ணெய் போட்டிருக்க மாட்டார்கள், அதனால் மெதுவாகச் சுற்றுகிறது என்றார். எல்லா மெஷினையும் சந்தேகப்பட்டார், தன் மெஷினைத் தவிர. பிட்டரம்மாதான் உள்ளே போய் ஒரு சாக்பீஸ் துண்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பிட்டர் இரும்புத் தட்டில் ஒரு கோடு போட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

"மெசின் சரியாத்தானுங்க ஓடுது" என்றார். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பின்னம்" என்றார். தட்டின் நெம்பர் என்று அவர் தள்ளிய அந்த முப்பத்துமூன்றும் மூன்றில் ஒன்றும்தான் அதன் வேகம். ஐந்நூறு கதிரில் ஒன்றின் சோம்பலைக் கண்டுபிடிக்கிற காது, தன் கையால் செய்த மெஷினின் அவசரத்தை இரண்டு வருஷம் கண்டுபிடிக்கவில்லை. அது போகட்டும், ஒரு நல்ல மனிதரின் காதை வெந்துபோன காது என்று சொல்லியாயிற்று. அவர் புதன்கிழமை ரயிலேறப் போகிறார்.

"ஏனுங்க, போயிச் சொல்லிப்போட்டு வாங்க" என்றார் பிட்டரம்மா.

"என்னன்னு சொல்றது?" என்றார் பிட்டர். மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. வரவழைக்கத் தெரியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மில் லேத்தில் அந்தப் பின்ன வேகத்துக்கு ஒரு புல்லி கடைந்தார். ஆறு புல்லி வீணாகிப்போய் ஏழாவது சரியாக வந்தது. மத்தியானம் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து அரைநாள் லீவு கேட்டார். நான் பார்க்க அவர் கேட்ட முதல் லீவு. காரணம் என்ற இடத்தில் 'ரிப்பேர்' என்றும், இடம் என்று கேட்ட இடத்தில் 'போத்தனூர்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நானும் ஒரு லீவு எழுதிக்கொண்டேன். பாய் எங்கிருந்தோ ஒரு குதிரை வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். என் மடியில் ரேடியோ, பாய் மடியில் ஒயர்கள், பிட்டர் மடியில் பச்சைக் குழந்தையைப் போல மெஷின். வண்டி குலுங்கினால் பிட்டர் வண்டிக்காரரைத் திட்டுவார், வண்டிக்காரர் குதிரையைத் திட்டுவார். போத்தனூர் போய்ச் சேரும்போது குதிரை யாரோடும் பேசுகிற நிலையில் இல்லை.

துரை வீட்டில் சாமான்கள் எல்லாம் விற்றோ கட்டியோ ஆகிவிட்டன. கூடத்தில் ஒரு நாற்காலியும் நாலு டிரங்குப் பெட்டியும்தான் இருந்தன. கதவைத் திறந்த துரை எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"மெசின ரிப்பேரு பண்ணியிருக்குதுங்க" என்றார் பிட்டர், துரையின் முகத்தைப் பார்க்காமல். "சரியா ஓடுதான்னு பாக்கோணும். தட்டு ஒண்ணு வேணுமுங்க."

 துரை மனைவியிடம் கண்ணைக் காட்டினார். அந்த அம்மாள் கட்டிவைத்த பெட்டியை அவிழ்த்து, கம்பளிகளுக்கு நடுவிலிருந்து தட்டை எடுத்துக் கொடுத்தார். டிரங்குப் பெட்டிமேல் மெஷினை வைத்தோம். பல்பைக் கழற்றி ஹோல்டரிலிருந்து கரண்ட் எடுத்தோம். பிட்டர் முள்ளை வைத்தார்.

ஒரு பக்கம் முழுக்க ஓட இருபது நிமிஷம்.  பிட்டர் உட்காரவே இல்லை. மில்லில் நிற்பதுபோலத் தலையை இடது பக்கம் சாய்த்து நின்றபடியே கேட்டார். வெறும் வீடு, சுவரெல்லாம் சேர்ந்து வாசித்தது. நடுவில் ஒருதரம் துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை கண்ணை மூடியிருந்தார், மில் லைனில் மூடுவாரே, அதே மாதிரி.

முள் கடைசி வளையத்துக்கு வந்ததும் பிட்டர் அதைத் தூக்கி வைத்தார். 

"துரைங்க. உங்க காது நல்ல காதுங்க" என்றார்.

எங்கள் மில்லில் மேனேஜருக்குக்கூடக் கிடைக்காத சர்டிபிகேட் அது. துரைக்கும் அது தெரியும். அவர் பிட்டரின் தோளில் கையை வைத்து, மெஷினும் நல்ல மெஷின்தான் என்றார்.

பிட்டருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. "உங்களுக்கு மொத நாளே தெரியுமுங்களா?"

"தெரியும் மேன். நான் அதை இன்ஸ்டிடியூட்ல கேட்டுட்டுத்தானே வந்தேன்."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"ரெண்டு மாசம் தூக்கமில்லாம செஞ்ச மெஷின். அதுல போட்ட முதல் பெரிய தட்டு என்னோடது. உன் மூஞ்சியைப் பார்த்தேன், சொல்ல முடியலை" என்றார் துரை. "அப்புறம் ரொம்ப நாளாயிடுச்சு. என் மனசுக்குள்ள அது சரியான ஸ்பீடுலதான் ஓடிச்சு."

 பாய் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிட்டர் குனிந்து மெஷினின் பெல்ட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்படீன்னா தப்புல பாதி உங்களுதுங்க" என்றார்.

துரை சிரித்த சிரிப்பில் ஹோல்டரில் இருந்த ஒயரே கழன்று விழுந்தது. பாதித் தப்பைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஆக, பிட்டர் வாழ்நாளில் செய்தது அரைத் தப்பு. அதையும் பின்னமாகத்தான் ஒத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பிட்டர் தன் பையிலிருந்து மில் பஞ்சில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவிழ்த்துப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, அது 'வாத்து'. துரை பதிலுக்கு மகள் அனுப்பிய தட்டைக் கொடுத்தார். வேண்டாமென்று இவரும் வேண்டாமென்று அவரும் சொல்லி, கடைசியில் இருவரும் வாங்கிக்கொண்டார்கள். புதன்கிழமை ரயிலுக்கு நாங்கள் யாரும் போகவில்லை. மில் சங்கு ஊதிய நேரத்துக்கு ரயிலும் புறப்பட்டிருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு ஈரோட்டுக்கு மாற்றலாயிற்று. மூன்று நாலு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயமுத்தூர் வந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் மில் லைனுக்குப் போனேன். தெருவிலேயே சத்தம் கேட்டது. சாக்சபோன் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது, பியானோவை யாரோ துரத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனால் பிட்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே துரை உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. பெல்ட் பழைய புல்லியில் கிடந்தது.

உட்கார்ந்தபடியே வரவேற்று, பிட்டரம்மாவைக் காபி போடச் சொன்னார். நான் பெல்ட்டைக் காட்டி, வேகம் தப்பாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"மத்த நாளெல்லாம் சரியான வேகத்துலதானுங்க கேக்கறேன்" என்றார். "ஞாயித்துக்கெழமைக்கு இதுதான். இந்த வேகத்துல ஓடறப்பத்தானுங்க துரை இங்க உக்காந்திருந்தாரு."

நான் அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டேன். பிட்டர் தப்பே செய்யாத மனிதர் என்பதை அன்றைக்குத்தான் நான் முழு மனதோடு ஒத்துக்கொண்டேன்.